குடைப் பாட்டுக்கு ஒரு கதாநாயகன்

குருவிமலைத் தேயிலைத் தோட்டத்தில் தொண்ணூறுகளின் மிக அழகான கதாநாயகி யார் என்று அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். விஜேந்திரன்.

மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் மாலையில் மைதானத்தில் மேடை போட்டுச் சினிமாப் பாட்டுக்கு ஆடுவது அப்போது வழக்கம். பெண் பிள்ளைகளை மேடையேற்ற தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்கள் எதிலும் சம்மதிக்க மாட்டார்கள். கதாநாயகி இல்லாமல் சினிமாப் பாட்டு ஏது? ஆகையால் இடுப்பு வளைகிற பையன் ஒருவனைப் பிடித்து, பவுடரை அப்பி, சவுரி முடிந்து, தாவணியைச் சுற்றி இறக்கிவிடுவார்கள். மீசை முளைத்ததும் அவனுக்கு ஓய்வு. விஜேந்திரனுக்கு மீசை சாவகாசமாகத்தான் முளைத்தது. அதனால் மற்றவர்களைக் காட்டிலும் நெடுங்காலம் அவனே கதாநாயகி.

அந்தக் கதாநாயகியைக் கட்டிக்கொண்டவள்தான் ஜீவராணி.

ஜீவராணி ஒரு கூட்டத்தில் இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்ளத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு சத்தமில்லாதவள். தம்பி பிறந்தபோது அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள். பிறகு கொழுந்துக் கூடை, கல்யாணம், பிள்ளை. வாய் பேசாததற்கெல்லாம் சேர்த்து அவள் கண் வேலை செய்தது. யார் எப்படி நடக்கிறார்கள், யார் சிரிக்கும்போது பல்லை மறைக்கிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஓர் ஆசை இருந்ததுதான் யாருக்கும் தெரியாது. குடைப் பாட்டுக்கு மேடையில் ஒரே ஒரு தரம் ஆடிப் பார்க்க வேண்டும்.

குடைப் பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்போது லயங்களுக்கு மின்சாரம் வரவில்லை. பாட்டு என்றால் ரேடியோ, ரேடியோ என்றால் பேட்டரி. தீர்ந்த பேட்டரிகளைத் தகரக் கூரையில் வெயிலில் காயவைத்தால் உயிர் வந்து இன்னும் கொஞ்சம் பாடும். குருவிமலை இருக்கிற மடுல்சீமைப் பக்கம் வெயிலே அபூர்வம் என்பதால் மழை மாதங்களில் பாட்டும் குறைவுதான். பதுளை பஸ் ஸ்டாண்டில் விற்கிற நடிகர், நடிகை படங்களை வாங்கி வந்து சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டுவார்கள். ஜீவராணியின் வீட்டில் சாமி படங்களுக்கு அடுத்த வரிசை நடிகர்களுடையது. வெள்ளிக்கிழமை அவசரத்தில் அவள் அம்மா ஒரு நடிகருக்கும் சேர்த்துச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் போனதுண்டு.

திருவிழா என்றால் பசறையிலிருந்து பஸீல் நானா வருவார். லாரியில் தொலைக்காட்சிப் பெட்டி, வீடியோ கேசட் ஓட்டும் டெக், ஜெனரேட்டர். துணி மூட்டையைப் போல மூன்றையும் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கி, விடிய விடியப் படம் போடுவார். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் வந்து நிற்கிற மொத்தத் தோட்டமும் சிவந்த கண்ணோடு நிற்கும். அதட்ட வேண்டிய கங்காணி நின்றபடியே தூங்குவார்.

அப்படி வந்த ஒரு படத்தில்தான் அந்தப் பாட்டு இருந்தது. மழையில் ஒரே குடை. கோபித்துக்கொண்ட கதாநாயகி குடையைத் தூக்கி எறிவாள். கதாநாயகன் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் அதைப் பிடித்து, ஒற்றை முழங்காலில் இறங்கி, அவள் தலைக்கு மேல் பிடிப்பான். அந்தப் படம் வேறெங்கும் ஓடவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. குருவிமலையைப் பொறுத்தவரை அது அந்தப் பத்து வருஷத்தின் மிகப் பெரிய படம்.

விஜேந்திரனும், கதாநாயகனாக ஆடுகிற நிமலனும் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லி ஆட்டத்தைப் படித்தார்கள். பஸீல் நானா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தம்பிமாரே, ஹெட்டு தேஞ்சி போகும்! இன்னொருக்கா ரிவைண்ட் பண்ணச் சொன்னா டெக்கத் தூக்கிக்கிட்டு நான் பசறைக்குப் போறேன்."

"கோவப்படாதீங்க நானா, அவன் எந்தக் காலத் தூக்குறான்னு மட்டும் பாத்துக்கிறோம்" என்றான் நிமலன்.

"எந்தக் காலத் தூக்குனா ஒனக்கென்ன? ஒனக்கு இருக்கிறதே ரெண்டு காலுதானே!"

கடைசியில் அவரே பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுத்துத் தப்பித்தார். பதிகிற நேரத்தில் ஜெனரேட்டர் இருமியது. இரண்டாவது சரணத்தின் தொடக்கத்தில் பாட்டு பல் பிடுங்கிய ஆள் பாடுவது போல இழுத்து, குழைந்து, மறுபடி சுதாரித்து ஓடும். பாட்டே அப்படித்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த இழுவைக்கென்றே நிமலன் ஓர் அசைவு கண்டுபிடித்தான். எதிர்க்காற்றில் குடை பிடிப்பது போல இருவரும் மெதுவாகச் சாய்ந்து, மெதுவாக நிமிர்வார்கள். தோட்டமே விசிலடிக்கும். பின்னொரு நாள் ரேடியோவில் அசல் பாட்டைப் போட்டபோது, "நல்ல எடத்த வெட்டிப்புட்டான் பாரு" என்று லயம் முழுக்க ரேடியோக்காரரைத் திட்டித் தீர்த்தது.

ஆட்டத்துக்குத் துணிமணி கேட்டு லயம் லயமாகப் போவார்கள். அப்படித்தான் விஜேந்திரன் ஜீவராணியின் வாசலில் வந்து நின்றான். அவளுடைய மாம்பழக் கலர் தாவணியை வாங்கிப் போனவன், மறுநாள் துவைத்து, கரிப்பெட்டி வைத்துத் தேய்த்து, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து கொடுத்தான். "கட்டுன துணியத் தொவைச்சிக் குடுத்த ஆம்பளய நான் இப்பத்தான் பாக்குறேன்" என்று அவள் அம்மா வாயைப் பிளந்தாள். கல்யாணப் பேச்சு அங்கேதான் தொடங்கியது.

ஆனால் அந்தத் தாவணி மேடையில் எப்படி இருந்தது என்பதை ஜீவராணி சரியாகப் பார்க்கவில்லை. மைதானத்தின் நடுவே கயிறு கட்டி, இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள் என்று உட்கார வைப்பார்கள். பெண் வேஷத்தில் பெண்களைப் பார்க்க விஜேந்திரனுக்கு வெட்கம். பாட்டு முடியும்வரை முகத்தை ஆண்கள் பக்கமே வைத்திருப்பான். பெண்களுக்குத் தெரிந்தது சவுரியும் முதுகும்தான். பெண்கள் பக்கம் முகம் காட்டி ஆடியவன் நிமலன். ஆகவே ஜீவராணி பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தது கதாநாயகனின் ஆட்டத்தை. வீட்டில் ஆளில்லாத நேரங்களில் அகப்பையைக் குடையாக வைத்து அவள் எத்தனையோ தரம் முழங்காலில் இறங்கியிருக்கிறாள். அடுப்பைத் தவிர அதைப் பார்த்தவர் யாருமில்லை.

இப்போது ஜீவராணிக்கு ஐம்பதை எட்டப்போகிற வயது. விஜேந்திரனுக்கு மீசை வளர்ந்து நரைத்தும்விட்டது. தேயிலை ஃபெக்டரியில் வேலை, கோயில் கமிட்டியில் இடம். மகள் விதுஷா பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். மைதானத்துக் கயிறு எப்போதோ போய்விட்டது. பெண் பிள்ளைகள் இப்போது தாராளமாக மேடையேறி ஆடுகிறார்கள். ஆனால் ஜீவராணியின் வயதுக்காரிகள் மட்டும் இன்னும் பழைய பக்கத்தில் பழைய இடத்தில்தான் போய் உட்காருவார்கள்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு இளைஞர் மன்றம் ஒரு யோசனை வைத்திருந்தது. கலை நிகழ்ச்சி முழுவதும் தொண்ணூறுகளின் பாட்டு, தொண்ணூறுகளின் உடுப்பு. விதுஷாதான் மும்முரம்.

"அப்பா, நீங்களும் நிமலன் மாமாவும் குடைப் பாட்டுக்கு ஆடுறீங்க. பேரு போட்டாச்சு."

"ஏய், நான் கோயில் கமிட்டி ஆளு. தாவணியக் கட்டிக்கிட்டு நின்னா நாளைக்கு எவன் எம்பேச்சக் கேப்பான்?"

"இப்ப மட்டும் கேக்குறாங்களாக்கும்" என்றாள் விஜேந்திரனின் அக்கா அங்கம்மா, பக்கத்துக் காம்பராவிலிருந்து. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன பேசினாலும் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மறுத்ததெல்லாம் வாயளவில்தான். அன்று மாலையே விஜேந்திரன் கண்ணாடி முன் நின்று இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்ததை ஜீவராணி கவனித்தாள்.

யூடியூபில் தேடியபோது ஒற்றைப் படத்தை வைத்துப் பாட்டு மட்டும் கிடைத்தது. ஆட்டம் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டைப் போட்டு ஆடிப் பார்த்தால் இரண்டாவது சரணத்தில் விஜேந்திரனின் கால் தானாக நின்று இழுவைக்குக் காத்திருந்தது. பாட்டு அவரை விட்டுவிட்டு ஓடிவிட்டது. கடைசியில் பஸீல் நானாவின் மகன் நப்ரீஸ் கைகொடுத்தான். அவன்தான் இப்போது தோட்டங்களுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன். "வாப்பாக்கிட்ட அந்தக் கேசட்டோட மறுபிரதி இருக்கு" என்று, இருமலோடு சேர்த்துப் போனில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

நிமலன் வத்தளையிலிருந்து வந்து இறங்கினார். அங்கே சொந்தமாகக் கடை. கடைக்கேற்ற வயிறு. கூலிங் கிளாஸும் தொளதொளத்த கால்சட்டையும் பையில் இருந்தன. ஒத்திகையைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வைத்துக்கொண்டார்கள். பாட்டு தொடங்கியது. விஜேந்திரன் குடையை எறிந்தார். நிமலன் முதுகுக்குப் பின்னால் அழகாகப் பிடித்து, ஒற்றை முழங்காலில் இறங்கினார்.

இறங்கியவர் இறங்கியவர்தான்.

"மச்சான்... மச்சான், எந்திரிக்க முடியல்ல."

"நடிக்காதடா."

"சத்தியமா மச்சான். இடுப்பு பூட்டிக்கிச்சு. குடைய வாங்கிட்டு என்னத் தூக்கு."

குழந்தைகளின் பாயில் அவரைப் படுக்க வைத்தார்கள். அங்கே இருந்த பையன்களில் ஒருவனை நிறுத்தி, படுத்தபடியே நிமலன் சொல்லிக்கொடுத்தார். இரண்டு சுற்று, ஒரு குதி, பிறகு குடை, இல்லை, முதலில் குடை. அவருக்கே வரிசை மறந்து போயிருந்தது. பையன் தடுமாறினான். எல்லோருக்கும் இஞ்சித் தேநீர் கொண்டுவந்திருந்த ஜீவராணிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அதுக்கு முன்னாடி கொடைய மடக்கணும்ண்ணே" என்றாள். குரல் தேநீர் ஆவியைப் போல இருந்தது. இருந்தாலும் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"ஒனக்கெப்பிடித் தங்கச்சி தெரியும்?" என்றார் நிமலன்.

விதுஷா தேநீர்த் தட்டைப் பிடுங்கிவிட்டுக் குடையை அம்மாவின் கையில் திணித்தாள். ஜீவராணி கதவைச் சாத்தச் சொன்னாள். பிறகு ஆடினாள். ஆட்டம் சரி, பக்கம்தான் தப்பு. எதிரில் இருந்து பார்த்துப் படித்ததால் நிமலனின் வலது அவளுக்கு இடதாகிவிட்டிருந்தது. விஜேந்திரன் எந்தப் பக்கம் வந்தாலும் அதே பக்கம் அவளும் வந்து நின்றாள். மூன்றாவது தரம் இருவரின் தோளும் மோதியபோது விஜேந்திரன் நின்றுவிட்டார். முகத்தில் வேறொரு யோசனை.

"அப்ப அத்தன வருசமும் நீ அவனயா பாத்துக்கிட்டு இருந்த?"

"நீங்க முதுகக் காட்டிக்கிட்டு நின்னா நான் யாரப் பாக்குறதாம்?"

பாயில் கிடந்த நிமலன் சிரிக்கப் போய், இடுப்பு வலித்து, "ஐயோ அம்மா" என்று கத்தினார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிமலனுக்குப் பதில் ஜீவராணி ஆடப்போகிறாள் என்ற செய்தி மாலைக்குள் அங்கம்மாவின் காம்பராவுக்குப் போய்விட்டது.

"ஏன்டி ஜீவா, ஆம்பள கால்சட்டயப் போட்டுக்கிட்டு, கண்ணாடியும் மாட்டிக்கிட்டு மேடையில நிக்கப்போறியாமே? அவன் பொம்பள, நீ ஆம்பள. நல்ல குடும்பம். நாளைக்கு ஒம்மகளப் பொண்ணு பாக்க வர்றவன் மாமியாருக்கு மீச வச்சிக் குடுப்பான்."

"நான் ஒண்ணும் ஆடல மதினி" என்றாள் ஜீவராணி. அவ்வளவுதான். அடுப்பில் வேலை இருப்பது போல உள்ளே போய்விட்டாள்.

விதுஷா கெஞ்சிப் பார்த்தாள். விஜேந்திரன் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் ஜீவராணிக்குக் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் கோபித்துக்கொண்டாவது இருந்திருக்கலாம். அன்றைக்குச் சோறு வடிக்கும்போது அவள் கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது. அதை அதட்டி நிறுத்தினாள். மேடையேறும் வயதில் வழியில்லை. வழி வந்தபோது வயதில்லை. அப்படி நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் மாலை மைதானம் நிறைந்திருந்தது. நெற்றியில் ரிப்பன், பலூனைப் போலப் புடைத்த கை வைத்த ரவிக்கை, பின் கழுத்தில் தொங்கும் முடி என்று, பிள்ளைகள் தாங்கள் பிறப்பதற்கு முந்திய காலத்தை மாட்டிக்கொண்டு ஆடினார்கள். சிலதெல்லாம் அப்போது யாரும் போட்டதேயில்லை. ஆனாலும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஜீவராணி தன் பழைய இடத்தில் அங்கம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நிமலனை நாற்காலியோடு தூக்கி வந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள்.

"அடுத்தது குடைப் பாட்டு!" என்றாள் மைக்கில் விதுஷா. குரலில் கொஞ்சம் சங்கடம். "ஆடுபவர் விஜேந்திரன். தனியாக."

ஜீவராணி நிமிர்ந்தாள். நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். மீசையும் தாவணியுமாக விஜேந்திரன் மேடைக்கு வந்தார். மீசையை எடுக்க மனம் வரவில்லை போலும். கூட்டம் சிரித்து ஓய்ந்தது. பாட்டு தொடங்கியது.

அவர் ஆடியது கதாநாயகிக்கு உரியதை மட்டும். கதாநாயகன் நிற்க வேண்டிய இடத்தை அப்படியே விட்டுவிட்டு ஆடினார். ஆளில்லாத இடத்தைப் பார்த்து வெட்கப்பட்டார், ஆளில்லாத இடத்தைப் பார்த்துக் கோபித்தார். முதலில் சிரித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போனார்கள். குடையை எறிகிற இடம் வந்தது. எறிந்தார். பிடிக்க ஆளில்லாத குடை மேடை விளிம்பில் விழுந்து, உருண்டு, பெண்கள் பக்கம் இறங்கி, ஜீவராணிக்கு ஓரெட்டுத் தள்ளி வந்து நின்றது.

மேடையில் விஜேந்திரன் வெறுங்கையோடு நின்றார்.

"எந்தம்பி மானம் போகுதுடி" என்று அங்கம்மா அவள் இடுப்பில் இடித்தாள். "பாத்துக்கிட்டே இருக்காத. எடுத்துக் குடு!"

ஜீவராணி எழுந்தாள். குடையை எடுத்தாள். மேடைப் பலகைக்குக் கீழே போய் நின்று நீட்டினாள். விஜேந்திரன் குனிந்து ஒரு முனையைப் பிடித்தார். ஆனால் மறுமுனையை அவள் விடவில்லை. ஒரு நொடி இருவருமாக இழுத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, குடையைப் பிடித்தபடியே மேடையில் ஏறினாள்.

"ஏய்! குடுக்கத்தானே சொன்னேன்!" என்று அங்கம்மா கத்தியது பின்னால் கேட்டது.

ஏறியபின் முகங்கள் தெரியவில்லை. விளக்கில் கண் கூசியது. அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. சரியாக அந்த நேரத்தில் பாட்டு இருமியது. இரண்டாவது சரணம். ஜீவராணி குடையை எதிர்க்காற்றுக்குப் பிடித்து மெதுவாகச் சாய்ந்தாள். விஜேந்திரனும் சாய்ந்தார். கீழே நரைத்த தலைகளெல்லாம் சேர்ந்து சாய்வதும், ஒன்றும் புரியாத பிள்ளைகள் அவர்களைப் பார்த்துத் தாங்களும் சாய்வதும் மேடையிலிருந்து நிழலாகத் தெரிந்தது. நாற்காலியில் இருந்த நிமலன் சாய முடியாமல் கையை மட்டும் சாய்த்தார்.

பாட்டு சுதாரித்து ஓடியது. அவள் இடது பக்கம் போனாள், அவரும் அங்கேயே வந்தார். மோதினார்கள். விசில் பறந்தது. அடுத்த சுற்றிலும் மோதினார்கள். அதற்குப் பிறகு விஜேந்திரன் தன் பக்கத்தை விட்டுக்கொடுத்து அவள் போக்குக்கு மாறிக்கொண்டார். மறுபடி குடையை எறிந்தபோது ஜீவராணி முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். குடையின் காம்பு உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அகப்பை ஒரு நாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. ஒற்றை முழங்காலில் இறங்கி, மீசை வைத்த தன் கதாநாயகிக்குக் குடை பிடித்தாள்.

பாட்டு முடிந்தபோது விஜேந்திரன் அங்கேயே பலகையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது, சவுரி தோளில் கிடந்தது. கீழே கைதட்டல் நிற்கவில்லை. விதுஷா மைக்கைப் பிடித்தபடி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். ஜீவராணி மட்டும் இறங்கவில்லை. மேடையோரமாக நடந்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற நப்ரீஸிடம் போனாள்.

"தம்பி, திரும்பப் போடுங்க."

"எந்த எடத்துல இருந்துக்கா?"

"மொதல்ல இருந்து. மொத சரணத்துல நான் இல்லியே."

"ஏய், கொஞ்சம் இரு புள்ள. எனக்கு எந்திரிக்க முடியல்ல" என்றார் விஜேந்திரன்.

"நீங்க உக்காருங்க" என்றாள் ஜீவராணி, முன்வரிசைக்கும் கேட்கும்படி. "நான் ஆடுறேன்."

நப்ரீஸ் போனைத் தொட்டான். அவள் குடையை மடக்கிக்கொண்டு நடு மேடையில் போய் நின்றாள்.